மழைமாத ஓட்டங்கள்

சிங்கப்பூரில் குளிர்காலம் ஏது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் விடிகாலை ஐந்தரை மணிக்கு வீட்டை விட்டு வெளியே வராதவர்கள். நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 137 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் ஊரில் உறைபனிக்கு வழியில்லைதான். இங்கு இதுவரை பதிவானவற்றில் ஆகக் குறைந்த வெப்பநிலை 1934ஆம் ஆண்டு ஜனவரியில் பதிவான 19.4 டிகிரி செல்சியஸ். டொரொண்டோவில் வாழும் என் தங்கையிடம் அதைச் சொன்னால், அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து பேச ஏற்ற பொழுது அது என்பாள். இருந்தாலும், நவம்பர் கடைசியில் தொடங்கிப் பிப்ரவரி முடியும்வரை இந்தத் தீவில் நெடுந்தொலைவு ஓடுகிறவர்களின் அன்றாடம் ஆண்டின் மற்ற மாதங்களைப் போல் இருப்பதில்லை. எழும் நேரம், ஓடும் பாதை, உடை, உணவு, காலணியைக் காயவைக்கும் இடம் எல்லாமே மாறிவிடுகின்றன. அந்த மாற்றத்துக்குக் காரணம் குளிரைக் காட்டிலும் ஈரம் என்பதால் அதை ஒரு தனிப் பருவமாக யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை; அவ்வளவே.

நான் பந்தயங்களில் பரிசு வாங்குகிறவள் இல்லை. நாற்பதை நெருங்கும்போதுதான் ஓடத் தொடங்கினேன். சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. காலாங் ஆற்றுக்குப் பக்கத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. கணவர், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகள், எங்களோடு இருக்கும் அம்மா என்று அளவான குடும்பம். வார நாள்களில் வேலைக்குப் புறப்படுமுன் ஓட்டம், சனிக்கிழமை விடியலில் நீண்ட ஓட்டம் என்பது வழக்கம். நவம்பர் நடுப்பகுதியில் பள்ளி விடுமுறை தொடங்கிவிடுவதால் காலையில் மகளை எழுப்பிக் கிளப்பும் வேலை டிசம்பர் முடியும்வரை இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே மழைமாதங்கள் எனக்குப் பிடித்துப்போயின என்று சொன்னாலும் பொய்யாகாது.

வடகிழக்குப் பருவக்காற்று டிசம்பரில் தொடங்கி மார்ச் முற்பகுதிவரை வீசுகிறது. சைபீரியாவிலும் சீனாவின் வடபகுதியிலும் உயரழுத்தம் வலுக்கும்போது அங்கிருந்து குளிர்ந்த காற்று தெற்கு நோக்கித் தென்சீனக் கடலின் மேல் பாய்ந்து, வரும் வழியெல்லாம் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து நம் தலைமேல் இறக்கிவிடுகிறது. அப்படி ஒரு பாய்ச்சல் வந்துவிட்டால் சில நாள்களுக்கு வானம் வெளுக்காது. மழை வலுப்பதும் தணிவதுமாக இருக்குமே தவிர நிற்காது. 2025ஆம் ஆண்டு ஜனவரி 10, 11 ஆகிய இரண்டே நாள்களில் சாங்கி வானிலை நிலையத்தில் 255.2 மில்லிமீட்டர் மழை பதிவானது. ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியே 222.4 மில்லிமீட்டர்தான். அதே பருவம் ஜனவரி பிற்பாதியில் முகத்தை மாற்றிக்கொள்கிறது. காற்று அதே திசையிலிருந்துதான் வரும், ஆனால் மழை குறைந்துவிடும். பிப்ரவரி பொதுவாக ஆண்டின் ஆக வறண்ட மாதம். வெளிநாட்டுப் பயிற்சி நூல்களில் இருக்கும் நான்கு பருவ அட்டவணையை இங்கே பொருத்திப் பார்க்க முயன்றால் தலைவலிதான் மிஞ்சும். வீட்டில் அம்மா மாட்டிவைத்திருக்கும் நாள்காட்டி எனக்கு அதைவிட நன்றாகப் பொருந்துகிறது. கார்த்திகையில் பிற்பகல் இடிமழை, மார்கழியில் விடாத ஈரம், தையில் காற்று. வேகம் பாராமல் ஓடிச் சேர்க்கும் என் ஆண்டுக்கான அடித்தளத் தொலைவு இந்த மூன்று மாதங்களில்தான் சேர்கிறது. வேகத்தைப் பற்றி மாசிக்கு முன்னால் நான் யோசிப்பதே இல்லை.

மழைமாதத்தில் கண் விழித்ததும் கை போவது கைப்பேசியில் உள்ள மழைப்படத்துக்கு. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் செயலியில் தீவின் வரைபடத்தின்மேல் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக மேகக்கூட்டங்கள் நகர்வது தெரியும். ஆண்டின் நடுப்பகுதியில் மேற்கே சுமத்ரா பக்கத்திலிருந்து விடியலுக்கு முன் திடீரென்று பாய்ந்து வரும் காற்றுமழையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, டிசம்பரில் திசை மாறியிருப்பதைப் புரிந்துகொள்ளச் சிறிது காலம் பிடிக்கும். சுமத்ராவிலிருந்து வருவது ஆரவாரத்தோடு வந்து ஓரிரு மணி நேரத்தில் போய்விடும், காத்திருந்துவிட்டு ஓடலாம். மார்கழி மழைக்கோ காத்திருப்பதில் பயனில்லை, ஏனென்றால் அது போகப்போவதில்லை. ஆகவே இந்த மாதங்களில் கேட்டுக்கொள்ள வேண்டியது மழை பெய்கிறதா என்பதில்லை, மின்னல் இருக்கிறதா என்பதுதான்.

மின்னல் விஷயத்தில் நான் யாருடைய வீரப்பேச்சையும் கேட்பதில்லை. மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது நொடிக்குக் குறைவாக இருந்தால் இடி ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டருக்குள் விழுகிறது என்று பொருள். உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை வெளியே வரக்கூடாது. விளையாட்டரங்குகளில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் தடத்தை விட்டு இறங்கச் சொல்லிவிடுவார்கள், ஆனால் பூங்காப் பாதையில் நமக்கு நாமே காவலர். நல்லவேளையாக, இடிமழைக்குப் பேர்போனவை ஏப்ரல், மே, நவம்பர் மாதங்கள்; மார்கழியின் அடைமழையில் மின்னல் அவ்வளவாக இருப்பதில்லை. மின்னலில்லாத மழை ஓடுகிறவருக்கு எதிரியே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அதற்குக் காரணம் உண்டு. இங்கே ஆண்டு முழுவதும் விடியற்காலை வெப்பநிலை 24, 25 டிகிரிதான். கேட்பதற்கு இதமாக இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் காற்றின் ஈரப்பதம் தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். வியர்வை உடலைக் குளிர்விப்பது ஆவியாகும்போதுதான். ஆவியாக இடமில்லாத காற்றில் அது சொட்டிக்கொண்டு வீணாகப் போகிறது. உடல் தன் சூட்டைத் தணிக்க மேலும் மேலும் இரத்தத்தைத் தோலுக்கு அனுப்ப, தசைக்குப் போக வேண்டிய பங்கு குறைய, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. ஜூன் மாதத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் கடைசிப் பதினைந்து நிமிடங்களில் கைக்கடிகாரத்தில் இதயத்துடிப்பு எண் தானாக ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். மழையில் இந்தக் கணக்கு மாறுகிறது. வெப்பநிலை 23க்கு இறங்கி, தோல்மேல் நீர் ஓடிக்கொண்டே இருக்கும்போது ஆவியாதலை நம்பியிருக்க வேண்டியதில்லை. ஓடும் நீரே சூட்டைக் கொண்டுபோய்விடுகிறது. அந்தக் காலைகளில் ஏறாத எண்ணைப் பார்க்கும்போது, குளிர்நாட்டுக்காரர்கள் ஏன் இவ்வளவு வேகமாக ஓடுகிறார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் விளங்கும். மழைமேலாடை போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்: வெளியிலிருந்து வரும் நீரைத் தடுத்து, உள்ளிருந்து வரும் நீரில் வெந்துகொண்டிருப்பார்கள். கண்ணில் நீர் விழாமலிருக்க விளிம்பு வைத்த தொப்பி ஒன்று போதும். தொடையிடுக்கிலும் அக்குளிலும் வாசலைனைத் தாராளமாகத் தடவிக்கொள்ள வேண்டும். ஈரத் துணி தோலில் உரசிய இடத்தில் குளிக்கும்போது சோப்புத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பதை ஓடுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஓடாதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

நடுக்கம் வருவது ஓடும்போது அல்ல, ஓடி முடித்த பிறகு. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் மழையில் ஓடிவிட்டு, சொட்டச் சொட்டப் பேருந்தில் ஏறி, குளிர்சாதனக் காற்று நேராக முதுகில் அடிக்கும் இருக்கையின் பக்கம் நின்றுகொண்டு வருவதுதான் சிங்கப்பூரில் ஒருவர் அடையக்கூடிய உண்மையான குளிர்கால அனுபவம். பல் கிட்டிப்போகும். எங்கள் ஓட்டக் குழுவில் எல்லாரும் ஒரு பழைய டி-சட்டையையும் சின்னத் துண்டையும் இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டுதான் வருவோம்.

ஈரத்தில் பாதையும் வேறு பாதையாகிவிடுகிறது. காலாங் ஆற்றோரப் பூங்கா இணைப்புப் பாதையை நான் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவேன் என்று நினைத்திருந்தேன். மழைமாதத்தில்தான் அதில் எத்தனை வகைத் தரை இருக்கிறது என்பது தெரிந்தது. சொரசொரப்பான காங்கிரீட்டில் கவலையில்லை. சைக்கிள் பாதைக்காகச் சாயம் பூசிய கோடுகள், சாக்கடையை மூடியிருக்கும் இரும்புக் கிராதிகள், அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளத்தில் பதித்த வழுவழுப்பான ஓடுகள், பாலங்களின் மரப்பலகைகள் ஆகிய நான்கும் நனைந்தால் கால் வைக்கும் விதத்தையே மாற்ற வேண்டும்: அடியெடுத்து வைக்கும் தூரத்தைக் குறுக்கி, உடலுக்கு நேர் கீழே பாதத்தை வைத்து, திருப்பத்தில் காலை ஊன்றித் தள்ளாமல் கடக்க வேண்டும். மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காட்டுப்பாதையை டிசம்பரில் நான் அறவே தவிர்த்துவிடுகிறேன். அங்குள்ள வேர்களும் பாசி படிந்த பலகை நடைபாதையும் காலை நேர அரையிருட்டில் வைத்தியச் செலவுக்கு அழைப்பு விடுப்பவை. பிறகு நத்தைகள். மழை விட்டும் விடாததுமான விடியலில் புல்வெளியிலிருந்து பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் பாதைக்கு ஏறி வந்திருக்கும். உள்ளங்கை நீளம் வளரக்கூடியவை. தலைவிளக்கின் வட்டத்தில் அவற்றின் ஈரத்தடம் மினுங்கினால் ஒதுங்கிவிடலாம், தெரியாமல் மிதித்துவிட்டால் அந்த ஓடு நொறுங்கும் சத்தம் அடுத்த ஒரு கிலோமீட்டருக்குக் காதை விட்டுப் போகாது.

பீஷான் - அங் மோ கியோ பூங்கா வரை ஓடும் நாள்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேராகப் போய்க்கொண்டிருந்த காங்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்து நெளியும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். சாதாரண நாளில் குழந்தைகள் கால் நனைக்கும் ஆழம்தான். பெருமழையில் அதே ஆறு கரைப் புல்வெளிமேல் ஏறிப் பரவுவதற்காகவே அப்படி வடிவமைக்கப்பட்டது. நீர் ஏறினால் எச்சரிக்கை விளக்கும் ஒலியும் வரும். விளக்கு எரிந்தால் கீழ்ப்பாதையை விட்டு மேலே ஏறிவிட வேண்டும், அதில் வாதத்துக்கு இடமில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மழைமாதத்தின் பெரிய வேலை தொடங்குகிறது. நனைந்த காலணியைக் காயவைப்பதைத்தான் சொல்கிறேன். வெயில் இல்லை, உலர்த்தும் பொறியில் போட்டால் அடிப்பகுதி நுரையும் ஒட்டுப்பசையும் கெட்டுவிடும், அப்படியே வாசல் காலணி அடுக்கில் விட்டால் இரண்டாம் நாள் பூஞ்சை வாடை தாழ்வாரம் முழுவதும் வீசும். ஓடுகிறவர்கள் எல்லாரும் அறிந்த வழி செய்தித்தாள். உள்தளத்தை உருவி எடுத்து, நாடாவை முழுவதும் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்துவிட்டு, தாளைக் கசக்கி விரல் பகுதிவரை திணிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் அது நீரைக் குடித்துக் கனத்துவிடும். எடுத்துவிட்டு வேறு தாள் வைத்து மின்விசிறிக்கு எதிரே சாய்த்துவிடலாம். இந்த ஏற்பாட்டில் நான் எதிர்பாராத தடை அம்மாவிடமிருந்து வந்தது.

“ஏண்டி, காகிதம் சரஸ்வதி. கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுவோம். அதப் போயி செருப்புக்குள்ள திணிக்கிறியே, பிள்ள படிக்கிற வீட்டுல?”

“தமிழ் முரசு இல்லம்மா, இங்கிலீஷ் பேப்பர்தான்.”

“அதுல மட்டும் சரஸ்வதி கிடையாதா?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பேரங்காடி விளம்பரத் தாள்களில் சரஸ்வதி இருக்க வாய்ப்பு குறைவு என்று அவற்றைப் பயன்படுத்திப் பார்த்தேன். வழவழப்பான அந்தத் தாள் ஒரு சொட்டு நீரைக்கூட இழுக்கவில்லை. கடைசியில் அம்மாவே தீர்த்துவைத்தார். தன் பழைய பருத்திப் புடவை ஒன்றைச் சதுரம் சதுரமாகக் கிழித்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். பலமுறை துவைத்து நைந்த பருத்தி செய்தித்தாளைவிட வேகமாக நீரை இழுக்கிறது, பிழிந்துவிட்டு மறுபடியும் வைக்கலாம், காலணியின் உள்ளே மையும் ஒட்டாது. ஓட்டக் குழுவில் இதைச் சொன்னேன். இப்போது சீன, மலாய் நண்பர்கள் சிலர் வீட்டிலும் அம்மாவின் புடவைத் துண்டுகள் இருக்கின்றன.

தங்கையின் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்லாமல் என்னுடையதைப் பற்றி மட்டும் பேசுவது சரியாகாது. அவள் டொரொண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறாள். குளிர்காலத்தில் இரு ஊர்களுக்கும் பதின்மூன்று மணி நேர வித்தியாசம். நான் வீட்டை விட்டுக் கிளம்பும் ஐந்தரை மணி அவளுக்கு முதல்நாள் மாலை நாலரை. டிசம்பரில் அங்கே ஏறத்தாழ நாலே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடுவதால், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நாள்களில் அவளும் அந்த நேரத்துக்குத்தான் புறப்படுவாள். ஆளுக்கொரு இருட்டில் ஓடிவிட்டு வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்வோம். “உனக்கென்னக்கா, கதவத் திறந்தா ஓட வேண்டியதுதானே. நான் உடுத்தி முடிக்கவே இருபது நிமிஷம் ஆகுது” என்பாள். வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் உள்ளாடை, அதன்மேல் கதகதப்பான முழுக்கை, அதன்மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலாடை, விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும்படி பிரிவில்லாத கையுறை, கழுத்துக்கு வளையத் துணி. நடைபாதையில் கொட்டிய உப்பு காலணியை அரிப்பது போதாதென்று, உப்புப் படாத இடத்தில் கண்ணுக்கே தெரியாத பனிக்கட்டிப் படலம் இருக்கும். அதற்காகக் காலணிக்கு மேல் மாட்டிக்கொள்ளும் முள்ளிட்ட ரப்பர்ப் பட்டை. தண்ணீர்ப் புட்டியின் வாய் முதலில் உறையும் என்பதால் புட்டியைத் தலைகீழாக வைத்துக்கொள்வாளாம். கைப்பேசியை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளாவிட்டால் மின்கலம் திடீரென்று செத்துவிடுமாம். இதையெல்லாம் கேட்ட பிறகு நத்தையைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ள எனக்கு வாய் வருவதில்லை.

ஆனால் அவளிடமிருந்து நான் கற்றதில் எனக்குப் பயன்பட்ட ஒன்று, தலைகீழாகத் திருப்பிப் போட்ட பிறகுதான் பயன்பட்டது. குளிர்நாட்டில் ஓட்டத்தின் முதல் பாதியைக் காற்றை எதிர்த்து ஓடிவிட்டு, திரும்பும்போது காற்றை முதுகில் வாங்க வேண்டும் என்பார்கள். வியர்த்த உடலோடு எதிர்காற்றில் திரும்பினால் வியர்வை உறைந்து உடல் விறைத்துவிடும். தை மாதத்து ஈஸ்ட் கோஸ்ட்டில் வடகிழக்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது, அவள் சொன்னபடியே மரீன் பரேட் பக்கத்திலிருந்து புறப்பட்டுக் காற்றை எதிர்த்துச் சாங்கி நோக்கி ஓடினேன். போகும்போது அருமையாக இருந்தது. திரும்பும்போது சூரியன் ஏறிவிட்டது. என் வேகமும் பின்னாலிருந்து வரும் காற்றின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்ததால் என்னைச் சுற்றிக் காற்றே இல்லாததுபோல் ஆகி, இட்லிக் கொப்பரைக்குள் ஓடுவதுபோல் இருந்தது. அதன்பிறகு நான் பேருந்தில் சாங்கிப் பக்கம் போய் இறங்கி, இருட்டும் குளிர்ச்சியும் இருக்கும்போதே காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு மேற்கே வந்துவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் எதிர்காற்றைப் பார்த்துத் திரும்புகிறேன். அவளுக்கு எது ஆபத்தோ அதுவே எனக்கு மின்விசிறி. தங்கையிடம் சொன்னபோது, “அங்க எல்லாமே தலைகீழ்தான்” என்று சிரித்தாள்.

இருட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பகலின் நீளம் ஆண்டு முழுவதும் சில நிமிடங்கள்தான் கூடிக் குறைகிறது. ஆனாலும் சூரியன் எழும் நேரம் நகர்கிறது. நவம்பர் தொடக்கத்தில் ஏழு மணிக்குக் கால்மணி நேரம் முன்னதாக எழுகிற சூரியன், பிப்ரவரி முற்பகுதியில் ஏழேகால் ஆனாலும் சோம்பிக் கிடக்கிறது. பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழுவட்டமாக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் வரும் விளைவு இது. போதாக்குறைக்கு, 1982 தொடங்கியபோது நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டோம். தை பிறந்தால் வெளிச்சமும் பிறக்கும் என்று நினைக்கிற ஓட்டக்காரர் சிங்கப்பூரில் ஏமாந்துதான் போவார்; பள்ளி திறந்து, மகளைக் கிளப்பும் அவசரமும் சேர்ந்துகொள்ளும் ஜனவரியில்தான் தலைவிளக்கின் தேவை கூடுகிறது. அதற்கு ஈடாக மார்கழி முழுவதும் சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயிலைக் கடக்கும்போது உள்ளிருந்து பாசுரக் குரலும் துளசி வாசமும் வரும். ஈரக் காலணியோடு வாசலில் நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஓடுவேன்.

வெளியே போகவே முடியாத நாள்களும் உண்டு. ஓடுபொறிமேல் எனக்குப் பகையில்லை, ஆனால் ஒரே இடத்தில் நின்றபடி சுவரைப் பார்த்து ஓடுவதில் மனம் ஒட்டவில்லை. தேசிய விளையாட்டரங்கத்தைச் சுற்றிக் கூரையிட்ட பாதை ஒன்று இருக்கிறது. ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அடைமழை நாளில் காலாங் வட்டாரத்து ஓட்டக்காரர்கள் பாதிப்பேரை அங்கே பார்க்கலாம். அதுவும் இயலாவிட்டால் எங்கள் புளோக்கின் படிக்கட்டு. மாடிவரை படியில் ஏறி, மூட்டைக் காப்பாற்ற மின்தூக்கியில் இறங்கி, மறுபடியும் ஏறுவது. ஏழாம் மாடி மலாய்ப் பாட்டி ஒவ்வொரு டிசம்பரிலும் கதவைத் திறந்து “லிஃப் ரோசாக் கா?” என்று கவலையோடு கேட்பார். கெடவில்லை, பயிற்சிக்காக ஏறுகிறேன் என்பேன். தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போவார்.

அந்தக் கூரைப் பாதையில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் எங்கள் குழுவின் மூத்தவர், சிங்கப்பூர் மாரத்தான் வீரர் முருகையா ரமேஷனைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். பேசியவர் அறுபதைத் தாண்டியவர், எங்கள் எல்லாருக்கும் அண்ணன். 1995ஆம் ஆண்டு டிசம்பரில் தாய்லாந்தின் சியாங் மாயில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் ரமேஷன் மாரத்தானை 2 மணி 24 நிமிடம் 22 நொடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 23 ஆண்டுகளுக்கு மேல் அசையவில்லை. 2019 ஜனவரியில் அமெரிக்காவின் ஹியூஸ்டனில் சோ ருய் யோங் 2 மணி 23 நிமிடம் 42 நொடியில் ஓடி அதை முறியடித்தார். “ரெண்டுமே குளிர்மாசம், ரெண்டுமே வெளியூரு, கவனிச்சியாம்மா?” என்றார் அண்ணன். கவனித்திருக்கவில்லை. வடதாய்லாந்தின் மலைநகரத்து டிசம்பரும் டெக்சாஸின் ஜனவரியும் ஓட்டக்காரருக்கு இதமானவை என்பது உண்மைதான். சிங்கப்பூரின் மோக் யிங் ரென் தென்கிழக்காசிய விளையாட்டுகளின் மாரத்தான் தங்கத்தை வென்றதும் 2013 டிசம்பரில், மியன்மாரின் நேப்பிடாவில். ஆனால் அண்ணன் சொல்லவந்தது வேறு. இந்தப் புழுக்கத்தில் பழகிய உடலில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடியிருக்கும், வியர்வை சீக்கிரம் சுரக்கும். அந்த உடலைக் குளிரில் கொண்டுபோய் விட்டால் சூட்டைத் தணிக்கச் செலவிட்ட உழைப்பெல்லாம் காலுக்கு மிச்சமாகும். நம்மூர்ச் சாதனைகள் வெளியே நிகழ்ந்தாலும் அவற்றுக்கான உடல் இங்கேதான் செய்யப்பட்டது என்பது அவர் கட்சி. எனக்கும் அது ஏற்புடையதே, எங்கள் இருவருக்கும் அந்த உடல் வாய்க்கவில்லை என்பதைத் தவிர.

தையில் வீடு சைவத்துக்கு மாறுகிறது. தைப்பூசத்தில் கணவர் பால்குடம் எடுப்பதால் பல வாரங்களுக்கு முன்பே விரதம் தொடங்கிவிடும். சமையல் ஒன்றுதான் என்பதால் எனக்கும் அதுவே. முட்டையும் மீனும் போன இடத்தில் டெம்பே (நொதித்த சோயாக்கட்டி), தௌகுவா (கெட்டியான சோயாக்கட்டி), பயறு, கீரை என்று புரதத்தையும் இரும்புச்சத்தையும் யோசித்து நிரப்ப வேண்டியிருக்கிறது. எலுமிச்சை பிழிந்த பாசிப்பயற்றுச் சுண்டல்தான் அந்த வாரங்களில் ஓட்டத்துக்குப் பிந்திய என் நிரந்தரக் காலையுணவு. கணவரைப் போல் ஒருவேளை உணவோடு நிறுத்திக்கொண்டு நீண்ட ஓட்டம் ஓடுவதை நான் செய்வதில்லை, செய்யவும் சொல்லமாட்டேன். சீனப் புத்தாண்டு நாள்களில் சாலைகள் வெறிச்சோடிக் கிடக்கும் என்பது இந்தப் பருவத்தின் இன்னொரு வரவு.

இந்த முறை இவற்றோடு ஒரு குறிக்கோளும் சேர்ந்திருக்கிறது. டொரொண்டோவுக்குப் பக்கத்தில் உள்ள ஹாமில்டன் நகரில், துறைமுகத்தைச் சுற்றி முப்பது கிலோமீட்டர் ஓடும் பந்தயம் ஒன்று மார்ச் இறுதியில் நடக்கிறது. 1894இல் தொடங்கியது, பாஸ்டன் மாரத்தானைவிட மூன்று ஆண்டு மூத்தது. தங்கை குளிர்காலம் முழுவதும் பயிற்சி செய்வது அதற்காகத்தான். “ஒரு தடவ வந்து என்கூட ஓடுக்கா” என்று அவள் கேட்டு, நானும் பதிவு செய்து, பயணச்சீட்டும் எடுத்தாகிவிட்டது. அந்த நேரத்தில் அங்கே உறைநிலையை ஒட்டிய காலையாகவும் இருக்கலாம், பத்து டிகிரி வெயிலாகவும் இருக்கலாம் என்கிறாள். வெப்பமானி காட்டுவதைவிடப் பத்து டிகிரி கூடுதல் என்று நினைத்து உடுத்த வேண்டும், தொடக்கக் கோட்டில் நின்று நடுங்கவில்லை என்றால் உடை அதிகம் என்று பொருள் என்பது அவள் எனக்கு அனுப்பிய முதல் விதி. நீளக் காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் வாங்கி, தையல் எங்கே உரசுகிறது என்று பார்ப்பதற்காக ஒரு மழைக்காலையில் காலாங் ஓரம் ஓடிப் பார்த்தேன். எதிரே வந்த அண்ணன், “காய்ச்சலாம்மா?” என்றார்.

அம்மாவுக்கு இந்த விதிகளில் எதிலும் நம்பிக்கை இல்லை. மகள்கள் இருவரும் பனியில் ஓடப்போகிறார்கள் என்று கேட்ட அன்றே லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போய், காதையும் கழுத்தையும் சேர்த்து மூடும் குரங்குக் குல்லா இரண்டு வாங்கி வந்துவிட்டார், மரூன் நிறத்தில் ஒன்று, பழுப்பில் ஒன்று. படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். தயவுசெய்து அதைக் கொண்டுவந்துவிடாதே என்று உடனே பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, மரூன் தனக்கு என்று இன்னொரு செய்தி.